பெங்குவினுக்கு எடுத்த நிலம்

அன்புள்ள அக்கா,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் இந்த ஜனவரியில் மனைவி, மகளோடு மெல்பர்ன் போனோம். ஹீல்ஸ்வில் சரணாலயம் பரவாயில்லை, ஆனால் கடைசியில் அதுவும் ஒரு ஜூதானே. மகளுக்குக் கோவாலாவைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. விக்டோரியா மாநிலத்தில் அதற்கு அனுமதி இல்லை என்றார்கள், அழுதுவிட்டாள். பெரிய ஏமாற்றம் ஃபிலிப் தீவு. அவ்வளவு டிக்கெட் கொடுத்து, கடற்காற்றில் நடுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தால், கோழி அளவு பெங்குவின்கள் இருட்டில் எங்கோ ஓடின. போட்டோவும் கூடாதாம். என் மனைவி சால்வைக்குள் ஃபோனை வைத்துக் கொஞ்சம் வீடியோ எடுத்தாள், ஃபிளாஷ் போடவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர்களை இப்படித் தள்ளி உட்காரவைப்பது சரியா? அடுத்த வருடம் அப்பா அம்மாவோடு மறுபடி போக நினைக்கிறோம். விலங்குகளைக் கிட்டத்தில் பார்க்கக் கங்காரு தீவு நல்லதா, வடக்கே இருக்கும் காக்கடு தேசியப் பூங்காவா?

அன்புடன்,
ஒரு வாசகன்


அன்புள்ள தம்பிக்கு,

சால்வைக்குள் ஃபோன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடிவிட்டேன். அப்போதே பதில் எழுத உட்கார்ந்திருந்தால் நான்கு வரியில் திட்டி முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே என் மனதில் ஃபிலிப் தீவுதான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் அப்பா காலமானார். அவருடைய காகிதங்களை இப்போதுதான் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மெல்பர்னில் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது அவர் எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. ரயில் கட்டணம், பால் விலை, எந்த மரத்தில் என்ன பூ என்று பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் மட்டும் பெரிதாக "சம்மர்லேண்ட், நில ஆர்ஜிதம், 1985 - 2010" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார். அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டிக்கெட் பணம் எங்கேயும் போகவில்லை. தீவின் இயற்கைப் பூங்காவை நடத்துவது லாபநோக்கில்லாத அமைப்பு, அங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அந்தப் பணம்தான். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருக்க வேண்டும், தென்கடல் காற்று ஜனவரியிலும் அப்படித்தான் அடிக்கும். கோழி அளவுதான் இருந்தது என்ற குறைக்கு நான் என்ன சொல்வது? பெங்குவின் இனங்களிலேயே மிகச் சிறியது அதுதான். ஒரு அடி உயரம், ஒரு கிலோ எடை. அந்த உடம்போடு பகல் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு, நன்றாக இருட்டும்வரை கரைக்கு அப்பால் தண்ணீரிலேயே கூட்டம் சேரக் காத்திருந்து, மணலில் ஏறி, எதையாவது கண்டு மிரண்டு மொத்தமாகத் தண்ணீருக்குள் திரும்பி ஓடி, மறுபடி வந்து, அந்தத் திறந்த மணலைக் கடந்தால்தான் அவற்றுக்கு வீடு. ஜனவரியில் போயிருக்கிறீர்கள். பல வளைகளில் குஞ்சுகள் பசியோடு அம்மா அப்பாவுக்குக் காத்திருக்கும் காலம் அது.

ஃபிளாஷ் போடவில்லை என்கிறீர்கள். சரி, உங்கள் மனைவி போடவில்லை. ஆனால் விடுமுறைக் காலத்தில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் படிகளில் உட்காருகிறார்கள். யார் ஃபோனில் எது எரியும், எது எரியாது என்று ரேஞ்சர் ஒவ்வொரு மடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் எல்லோருக்கும் ஒரே விதி, எடுக்காதே என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? கோவாலாவுக்கு அழுத பிள்ளைக்கு ஏன் கூடாது என்று எடுத்துச்சொல்ல வேண்டிய நீங்கள், மாட்டிக்கொள்ளாமல் எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். அந்த வீடியோவை யாருக்காவது அனுப்பியிருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

இனி, தள்ளி உட்காரவைப்பது சரியா என்ற கேள்வி. அந்தத் தூரம் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் நீங்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

1920களில் உள்ளூர்க்காரர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஆட்களைக் கூட்டிப்போய் அந்தப் பறவைகளைக் காட்டினார்கள். அப்போது தூரமும் கிடையாது, விதியும் கிடையாது. உங்களுக்குப் பிடித்திருக்கும். அப்புறம் தீவின் மேற்கு மூலையில், சம்மர்லேண்ட் என்ற அந்த நிலமுனையில், மனை பிரித்து விற்றார்கள். கடலைப் பார்த்த மாதிரி விடுமுறை வீடுகள், தெருக்கள், கடை, தங்கும் விடுதி எல்லாம் வந்தன. கூடவே நாய் வந்தது, பூனை வந்தது, ராத்திரியில் கார் வந்தது. வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து விட்ட நரி தீவுக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தது. வளைக்கு நடந்துபோகும் பெங்குவின் சாலையில் அடிபட்டது, வளைக்குள் இருந்ததை நாயும் நரியும் இழுத்துப்போட்டன. ஒரு காலத்தில் தீவில் பத்து இடங்களில் பெங்குவின்கள் குடியிருந்தன. 1980களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, அது இந்த வீடுகளுக்கு நடுவில் இருந்தது.

1985-இல் விக்டோரியாவின் ஜான் கெய்ன் அரசு ஒரு முடிவெடுத்தது. அந்த நிலமுனையில் இருக்கும் ஒவ்வொரு மனையையும் ஒவ்வொரு வீட்டையும் அரசே விலை கொடுத்து வாங்குவது, வாங்கிய வீட்டை அப்புறப்படுத்துவது, நிலத்தைப் பறவைக்குத் திருப்பிக் கொடுப்பது. ஆட்சி மாறியது, கட்சி மாறியது, வேலை நிற்கவில்லை. 2010-இல்தான் கடைசிச் சொத்தும் கைக்கு வந்தது. இருபத்தைந்து வருடம். பெங்குவினுக்காக ஒரு குடியிருப்பையே காலி செய்திருக்கிறார்கள், தம்பி.

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சாலைக்கும் அணைக்கும் நிலம் எடுக்கிற வேலைதான் அவருக்குப் பாதி சர்வீஸ். அன்றைக்கு அந்தப் படியில் மஃப்ளரும் என் கணவரின் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். பறவைகள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ரேஞ்சர் பெண் ஒருத்தி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான், அவருக்குப் பெங்குவின் மறந்துபோய்விட்டது. நஷ்ட ஈடு கொடுத்தார்களா என்று கேள் என்றார். கேட்டேன். வாங்கிய பிறகு எத்தனை நாளில் காலி செய்யச் சொன்னார்கள்? மாட்டேன் என்றவர்களை என்ன செய்தார்கள்? கோர்ட்டுக்குப் போனார்களா? அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம், இப்படியெல்லாம் அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். பலர் மனமில்லாமல்தான் போனார்கள், தாத்தா கட்டிய வீடு, குழந்தைகள் விளையாடி வளர்ந்த வீடு என்று அழுதவர்கள் இருந்தார்கள் என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "நாங்க ரோட்டுக்கு எடுத்திருக்கோம், டேமுக்கு எடுத்திருக்கோம், ஃபேக்டரிக்கு எடுத்திருக்கோம். பறவைக்கு எடுத்து நான் பார்த்ததில்லை." அதற்குப் பிறகு, அவர் வீட்டில் பேசவே பேசாத ஒன்றைச் சொன்னார். ஒரு கிராமத்தில் நோட்டீஸ் கொடுக்கப் போனபோது ஒரு கிழவி வாங்க மறுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். சட்டப்படி கதவில் ஒட்டிவிட்டு வரலாம், ஒட்டிவிட்டும் வந்தார். உள்ளேயிருந்து அவள், "ஒட்டுற பசையாச்சும் நல்ல பசையா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. அந்த ஆஸ்திரேலிய வீட்டுக்காரர்களின் பக்கம்தான் அவர் மனம் இருந்தது என்று நினைக்கிறேன், ஆனாலும் முதல் பெங்குவின் கூட்டம் நுரையிலிருந்து எழுந்து நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தானா, இதுக்குத்தானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

நீங்கள் கண்ட இருட்டும் வெறும் நிலமும் இதுதான். தெருவிளக்கு இல்லாத அந்த மேட்டில் வீடுகள் இருந்தன. இன்று தீவில் சுமார் 40,000 பெங்குவின்கள் இருக்கின்றன. நரிகளைப் பல வருடம் தேடித்தேடிப் பிடித்து, 2017-இல் தீவில் நரியே இல்லை என்று அறிவித்தார்கள். அதே வருடம், ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் காட்டில் அழிந்தேபோயிருந்த பட்டை பாண்டிகூட் என்ற சின்ன விலங்கை அங்கே கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் பெருகிவிட்டது. வீடு கொடுத்தவர்கள் தந்த இடத்தில் அது வாழ்கிறது. இதே விக்டோரியாவில் வார்நாம்பூல் பக்கம் மிடில் தீவு என்று ஒரு பாறைத் தீவு உண்டு. நரி தொல்லையால் அங்கே பெங்குவின்கள் பத்துக்கும் கீழே போய்விட்டன, 2006 முதல் ஆட்டு மந்தை காக்கும் மரெம்மா நாய்களை வைத்துக் காவல் காக்கிறார்கள். ஒரு ஊர் வீட்டைக் கொடுக்கிறது, ஒரு ஊர் நாயைக் காவலுக்கு வைக்கிறது, நம்மிடம் கேட்டதோ ஒரு மணி நேரம் ஃபோனைப் பையில் போடச் சொல்லித்தான்.

காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள் என்று கார் நிறுத்தத்தில் பலகை இருந்திருக்குமே, பார்த்தீர்களா? அங்கே பெங்குவின் வந்து ஒதுங்கியிருக்கும். உங்களுக்கு வேண்டிய நெருக்கம் அங்கே இருக்கிறது.

கோவாலாவுக்கு வருகிறேன். மகளிடம் இதைச் சொல்லலாம், புரிகிற வயதாக இருந்தால். 1927 ஆகஸ்டில் குவீன்ஸ்லாந்து அரசு கோவாலா வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒரே மாதத்தில் ஆறு லட்சத்துக்கு அருகில் கோவாலாக்களைத் தோலுக்காகக் கொன்றார்கள். அதே 1927-இல்தான் பிரிஸ்பேனில் லோன் பைன் சரணாலயம் இரண்டு கோவாலாக்களோடு ஆரம்பித்தது. உலகம் முழுக்க ஆட்கள் அங்கே போய்க் கோவாலாவைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த லோன் பைனே 2024-இல் தூக்குவதை நிறுத்திவிட்டது, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்று. ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிற விலங்கு அது. யூகலிப்டஸ் இலையில் சத்து அவ்வளவு குறைவு, தூக்கம்தான் அதற்குச் சக்தியை மிச்சம் பிடிக்கிற வழி. அதை எழுப்பிக் கைமாற்றிக் கைமாற்றி நாம் என்ன செய்யப்போகிறோம்?

ஹீல்ஸ்வில் வெறும் ஜூ இல்லை. பிளாட்டிபஸ் என்ற வாத்தலகு விலங்கைக் காட்டுக்கு வெளியே முதன்முதலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது அங்கேதான், 1943-இல், டேவிட் ஃப்ளே என்ற மனிதர். ஆரஞ்சு வயிற்றுக் கிளி ஒரு கட்டத்தில் காட்டில் இருபதுக்கும் குறைவாகப் போனபோது, கூண்டில் வளர்த்துக் காட்டுக்கு அனுப்பிய இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே மருத்துவமனையைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியும், காரில் அடிபட்டு வந்த விலங்குக்கு வைத்தியம் பார்ப்பதை நின்று பார்க்கலாம். அதை விட்டுவிட்டு வந்திருந்தால் அடுத்த முறை அதற்காகவே போங்கள்.

கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் மங்கி மியா என்ற கடற்கரையில் என்ன நடந்தது தெரியுமா? 1960களிலிருந்து அங்கே வந்த டால்பின்களுக்கு ஆட்கள் கையால் மீன் கொடுத்துப் பழக்கினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தால், கையால் தீனி வாங்கும் தாய்களின் குட்டிகள்தான் மற்றவற்றின் குட்டிகளைவிட அதிகம் செத்துக்கொண்டிருந்தன. தாய் கரையோரமே கதி என்று நின்றுவிடுகிறது, குட்டி பாலுக்கும் பாதுகாப்புக்கும் ஏங்குகிறது, தானாக வேட்டையாடவும் கற்றுக்கொள்வதில்லை. 1990களில் விதியை இறுக்கி, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் குட்டிகள் பிழைத்தன. அன்பாகத்தான் கொடுத்தார்கள், தம்பி. ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை.

கங்காரு தீவா காக்கடுவா என்று கேட்டீர்கள். பெற்றோரோடு என்றால் காக்கடு. கங்காரு தீவில் 2019-20 காட்டுத்தீ கிட்டத்தட்டப் பாதித் தீவை எரித்தது, காடு மீண்டு வருவதைப் பார்க்க நீங்கள் மட்டும் இன்னொரு முறை போகலாம். காக்கடுவுக்கு ஜூன், ஜூலையில் போங்கள், மழைக்காலத்தில் பாதிச் சாலைகள் மூடியிருக்கும். கூயிண்டாவில் யெல்லோ வாட்டர் படகில் காலை முதல் சவாரிக்கே இடம் பிடித்துவிடுங்கள், முதலையும் பறவையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும், அம்மாவுக்கு நடக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஓரத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், மகளின் கையை விடாதீர்கள். உபிர் பாறை ஓவியங்களைச் சுற்றிவரும் பாதை பெரும்பாலும் சமதளம்தான், கடைசி ஏற்றம் மட்டும் செங்குத்து. முட்டிவலி இருந்தால் அப்பாவைக் கீழேயே இருக்கச் சொல்லுங்கள், தைலசீன் என்ற, அழிந்துபோன தாஸ்மேனியப் புலியின் ஓவியம் நடைபாதையிலிருந்தே அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

அன்புடன்,
அக்கா