'கெட்' எழுதினால் மதிப்பெண் போய்விடுமா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'கனடாவுக்கு விண்ணப்பிக்க ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினேன். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 6.5 வந்தது, ரைட்டிங்கில் (எழுதுதல்) மட்டும் 5.5. எனக்கு 6 வேண்டும். கடிதத்தில் "கெட்" (get) என்ற ஆங்கில வினைச்சொல் அடிக்கடி வந்ததுதான் காரணம் என்கிறார்கள் பயிற்சி மையத்தில். அதற்குப் பதிலாக எழுத நாற்பது சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்யட்டுமா?'

வேண்டாம். அந்தப் பட்டியலைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போடுங்கள்.

'கெட்' எழுதக்கூடாது என்று அந்தத் தேர்வில் விதி கிடையாது. ரைட்டிங்கை நான்கு வகையில் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்: கேட்டதற்கு எழுதியிருக்கிறீர்களா, கோவையாக இருக்கிறதா, சொல் பொருந்துகிறதா, இலக்கணம் சரியா. நான்குக்கும் சம எடை. இந்த அளவுகோல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வகுப்பில் அதைப் பிரித்துக் காட்டும் மையங்கள் குறைவு. காட்டினால் பட்டியல் விற்காது.

நம் 'பிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, படம் பிடிக்கிறோம், ஒருவரைப் பிடித்துப்போகிறது. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'பிடி' என்றால் 'கைப்பற்று' என்று அகராதியில் பார்த்துவிட்டு, 'எனக்குச் சளி கைப்பற்றியது' என்று எழுதினால் எப்படி இருக்கும்? நீங்கள் அனுப்பிய பயிற்சித் தாளில் அதேதான் நடந்திருக்கிறது. 'ஐ அப்டெய்ன்ட் ஹோம் லேட்' என்று ஒரு வரி. 'மை மதர் அக்வயர்ட் ஆங்க்ரி' என்று இன்னொன்று. முதலில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று தெரிகிறது: 'காட் ஹோம்', 'காட் ஆங்க்ரி'. இரண்டும் சரியான ஆங்கிலம். பட்டியல் வந்து கெடுத்துவிட்டது.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், 'கெட்'டுக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கடிதமோ பார்சலோ வந்தால் 'ரிசீவ்'. அனுமதி, உரிமம், தகவல் என்றால் 'அப்டெய்ன்'. திறமையோ சொத்தோ சேர்ந்தால் 'அக்வயர்'. கோபம், களைப்பு, இருட்டு என்று நிலை மாறினால் 'பிகம்'. வீடு வந்து சேர்ந்தால் 'ரீச்' அல்லது 'அரைவ்'. கடையில் வாங்கினால் சாதாரண 'பை' போதும். 'ப்ரொக்யூர்' டெண்டர் விடும் அலுவலகத்தின் சொல், நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. நண்பனுக்கு எழுதும்போது 'கெட்'டே இயல்பு. நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது 'ரிசீவ்' கொஞ்சம் மரியாதையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். தமிழில் 'நேற்று முடி வெட்டினேன்' என்று சலூனிலிருந்து வந்தவரும் சொல்வார். அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்று எழுதினால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரித்துக்கொண்டதாக அர்த்தம். பிறரைக் கொண்டு செய்துகொண்டதைச் சொல்ல 'ஐ காட் மை ஹேர் கட்' என்று வேண்டும். இங்கே 'கெட்'டுக்குப் பதில் 'ஹேவ்' வரலாம்: 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. பட்டியலில் உள்ள வேறு எந்தச் சொல்லும் வராது. ஆளைக் குறிப்பிடும்போது இன்னொரு சிக்கல். 'ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பைக்' என்பதில் 'டு' உண்டு. 'காட்'டை எடுத்து 'ஹேட்' போட்டதும் அந்த 'டு'வும் போய்விட வேண்டும்: 'ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பைக்'. சொல்லை மாற்றிவிட்டு 'டு'வை விட்டுவைக்கும் தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. சொல்வளத்துக்கு ஆசைப்பட்டு இலக்கணத்தில் இழக்கிறார்கள். புகார்க் கடிதத்தில் ரிப்பேர், சர்வீஸ் என்று இந்த அமைப்பு வராமல் இருக்காது. இதை மட்டும் பத்து வாக்கியம் எழுதிப் பழகுங்கள்.

பழியை உங்கள்மேல் போடமாட்டேன். பிளஸ் டூ வினாத்தாளில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணையான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு மதிப்பெண் கொடுக்கிறோம். இரண்டு சொல் இணை என்றால் எங்கும் மாற்றிப் போடலாம் என்று பிள்ளைகள் நம்பாமல் என்ன செய்வார்கள்? அந்த நம்பிக்கையைத்தான் பிறகு மையங்கள் காசாக்குகின்றன.

உங்கள் 5.5க்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கடிதக் கேள்வியில் மூன்று குறிப்புகள் கொடுப்பார்கள். நீங்கள் அனுப்பிய பயிற்சிக் கடிதத்தில் மூன்றாவதற்குப் பதிலே இல்லை. குறைந்தது 150 சொற்கள் வேண்டிய இடத்தில் முதல் குறிப்புக்கே பாதியைச் செலவழித்திருக்கிறீர்கள். இரண்டாம் பகுதியான கட்டுரைக்கு, கடிதத்தைப் போல இரண்டு மடங்கு எடை. அதற்கு எத்தனை நிமிடம் மிச்சம் வைத்தீர்கள் என்று யோசியுங்கள்.

'உள்ளே ஆள் இருக்கிறார், 6.5 போட்டு வாங்கித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். மதிப்பெண் சான்றை கனடா குடிவரவுத் துறை இணையத்திலேயே சரிபார்க்க முடியும். பொய்ச் சான்று கொடுத்தது தெரிந்தால் ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டுக் கதவு மூடிவிடும். புரோக்கருக்கு ஒன்றும் ஆகாது, அவர் அடுத்த ஊரில் போர்டு மாட்டுவார்.

கடைசியாக, உங்கள் மையம் சொல்லாமல் விட்ட ஒன்று. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள். அரை மதிப்பெண் மட்டும் குறைந்த நீங்கள் இதை யோசிக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது குறிப்பைத் தேர்விலும் விட்டிருந்தீர்களானால் மறுமதிப்பீட்டில் ஒன்றும் நகராது, அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.