நான்காவது ஐகன் மதிப்பு ஏன் அடங்க மறுக்கிறது?

ஐயா,

சிறு புரதம் ஒன்றின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தரவிலிருந்து அணுக்களுக்கிடையிலான தொலைவு வரம்புகளை எடுத்து, டிஸ்டன்ஸ் ஜியாமெட்ரி (தொலைவுகளிலிருந்தே அணுக்களின் இடங்களைக் கணக்கிடும்) முறையில் வடிவம் காண நிரல் எழுதியிருக்கிறேன். தொலைவுகளிலிருந்து அமைக்கும் அணியின் ஐகன் மதிப்புகள், வடிவம் ஒவ்வொரு பரிமாணத்திலும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டுபவை; அவற்றில் மூன்றுதான் பெரிதாக வரவேண்டும். எனக்கு நான்காவதும் ஐந்தாவதும் பெரிதாக வருகின்றன, சில எதிர்க்குறியிலும். பாதி வடிவங்களில் சுருள் இடப்பக்கம் சுற்றுகிறது. பிழை எங்கே?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

நிரலைவிடத் தொலைவுகளை எடுத்த விதத்தைத்தான் சந்தேகிக்கிறேன். 400 அணுக்களுக்கு 79,800 தொலைவுகள். வடிவத்தைச் சொல்லவோ 1,194 எண்கள் போதும். அதாவது தொலைவுகள் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதன் வரம்புகளுக்குள் தனித்தனியே குலுக்கி (தற்செயலாக) எடுத்தால் அவை முப்பரிமாணத்தில் அடங்காது. மிச்சம் நான்காவது, ஐந்தாவது மதிப்புகளில் போய் ஏறும்.

முதலில் முக்கோண விதியால் வரம்புகளை இறுக்குங்கள். அ–ஆ அதிகபட்சம் 5 ஆங்ஸ்ட்ராம், ஆ–இ அதிகபட்சம் 4 என்றால் அ–இ 9-ஐத் தாண்டாது. கீழ்வரம்பும் முக்கியம்: அ–ஆ குறைந்தது 12, ஆ–இ அதிகபட்சம் 4 எனில் அ–இ 8-க்குக் கீழே வராது. பிறகு ஒரு தொலைவைக் குலுக்கி எடுத்ததும் அதையே இரு வரம்புகளாகவும் பூட்டி, மறுபடி எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதைத்தான் மெட்ரைசேஷன் என்கிறார்கள். அணுக்களைச் சங்கிலி வரிசையில் எடுக்காதீர்கள், வடிவங்கள் ஒரு பக்கமாகச் சாயும்; கலைத்துப்போட்டு எடுங்கள். நேரத்தைத் தின்னும் வேலை இது. அதனால் முதல் நான்கு அணுக்களின் தொலைவுகளோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இவ்வளவு செய்தாலும் நான்காவது மதிப்பு சுத்தமாகப் பூச்சியமாகாது. முக்கோண விதி மட்டும் முப்பரிமாணத்துக்கு உத்தரவாதமில்லை. மையத்திலிருந்து ஓர் அணுவின் தொலைவு வர்க்கம் எதிர்க்குறியில் வந்தால் அந்த முயற்சியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகக் குலுக்குங்கள்.

இடச்சுருள் பிழையே அல்ல. தொலைவுக்கு இடம் வலம் தெரியாது. ஆல்ஃபா கார்பன்களை (ஒவ்வோர் அமினோ அமிலத்தின் மையக் கார்பனை) மட்டும் இயற்கைப் புரதங்களின் எல்-வடிவத்துக்குத் திருத்தினால் மொத்த மடிப்பு கண்ணாடிப் பிம்பமாகவே நின்றுவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். வடிவத்தையும் அதன் பிம்பத்தையும் தனித்தனியே செம்மைப்படுத்தி, பிழை மதிப்பு குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் திருத்தத்துக்கு நான்கு பரிமாணத்தில் செம்மைப்படுத்துவது உதவும்: மேசைமேல் நகர்த்தி நகர்த்தி வலக்கை வடிவக் காகிதத்தை இடக்கையாக்க முடியாது, தூக்கித் திருப்பினால் ஆகிவிடும், அதுபோல.

என்.ஓ.இ. (அருகருகே உள்ள ஹைட்ரஜன்களிடையே தெரியும் என்.எம்.ஆர். சமிக்ஞை) தரும் வரம்புகளில் கஞ்சத்தனம் வேண்டாம். சமிக்ஞை தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆனால் ஸ்பின் டிஃப்யூஷன் (இடையிலுள்ள ஹைட்ரஜன்கள் வழியாகச் சமிக்ஞை பரவுவது) தூரத்து ஜோடியையும் அருகில் இருப்பதாகக் காட்டும். வலுவானதற்கு 1.8–2.7, நடுத்தரத்துக்கு 3.3 வரை, மங்கியதற்கு 5 ஆங்ஸ்ட்ராம் வரை வையுங்கள். மெத்தில் தொகுதியைப் போலி அணுவாக (மூன்று ஹைட்ரஜன்களுக்குப் பதில் அவற்றின் நடுவில் ஒரே புள்ளியாக) வைத்தால் மேல்வரம்பில் 1 ஆங்ஸ்ட்ராம் கூட்டுங்கள். எல்லா வடிவங்களிலும் ஒரே வரம்பு 0.5-க்கு மேல் மீறப்பட்டால் நிரலை நோண்டாமல் ஸ்பெக்ட்ரத்துக்குத் திரும்புங்கள். அந்தப் பீக்கை வேறு ஹைட்ரஜனுக்கு எழுதிவைத்திருக்கலாம்.