வெறும் பெட்டியா?

கேள்வி: பீட்டில்ஸ் போன்ற பிரிட்டிஷ் ராக் குழுக்காரர்கள் எல்லாம் ஆரம்பத்தில் வெறும் பெட்டியைத் தட்டிக்கொண்டு இருந்தவர்கள்தானாமே? கிடார் வாங்கக் காசில்லையா?
– கே.ஆர்., தஞ்சாவூர்

பதில்: காசு கிடக்கட்டும். 'வெறும்', 'தட்டி' என்ற இரண்டே வார்த்தையில் ஒரு வாத்தியத்தைக் கொன்றுவிட்டீர்களே! கடத்தை 'வெறும் பானை' என்று எழுதிய வாசகருக்கு இதே பக்கத்தில் நடந்த பூசை மறந்துபோயிற்றா?

அது தேயிலைப் பெட்டி; அதில் கயிறு கட்டினால் 'டீ-செஸ்ட் பேஸ்' என்ற வாத்தியம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சரக்கு ஏற்றிப் போன ஒட்டுப்பலகைப் பெட்டி; விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். மலையகத் தமிழர் பறித்த கொழுந்து இங்கிலாந்து மளிகைக் கடையில் தீர்ந்ததும் பெட்டி பையன்களுக்கு. அந்த அளவில் 'வெறும்' சரிதான். உள்ளே தேயிலை இருந்தால் சத்தம் வராது.

தட்டுவதில்லை ஐயா, சுண்டுவது. பெட்டியைக் கவிழ்த்து, மேலே வந்த அடிப்பலகையின் நடுவில் துளை போடுவார்கள். கயிற்றின் உள்முனையில் முடிச்சோடு ஒரு வாஷர் வேண்டும். இல்லாவிட்டால் நாலு பாட்டுக்குள் முடிச்சு பலகையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மறுமுனை துடைப்பக் கம்பின் உச்சியில். கம்பின் அடியில் காடி வெட்டிப் பெட்டி விளிம்பில் உட்கார வைத்து, ஒரு காலால் பெட்டியை மிதித்துக்கொண்டு கம்பை வெளியே சாய்த்தால் கயிறு விறைத்துச் சுருதி ஏறும். நைலான் கயிறு கட்டினால் இழுபட்டுக்கொண்டே போகும், சுருதி நிற்காது. பெட்டி தரையோடு ஒட்டிக்கிடந்தால் காற்று அடைபட்டு 'தொப்'. ஓர் ஓரத்தில் செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கினால் 'தும்ம்'. எந்த சுரம் எங்கே என்று சொல்லக் கம்பில் ஒரு கோடுகூடக் கிடையாது. காதுதான் கணக்கு.

1957 ஜூலை 6, லிவர்பூலில் வூல்டன் தேவாலய விழா. பின்னாளில் பீட்டில்ஸ் ஆன, ஜான் லெனனின் குவாரிமென் குழுவில் இதைப் பிடித்து நின்றவர் லென் கேரி. லெனனும் மெக்கார்ட்னியும் சந்தித்த நாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்குப் பெட்டிக்காரரின் பெயருக்கு மட்டும் இடம் போதாது. லெனனிடம் கிடார் இருந்தது, மலிவான காலோடோன் சாம்பியன். எட்டாக்கனியாக இருந்தது, கீழ்ச்சுருதி கொடுக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ்தான்; பெட்டி அதற்குப் பதில்.

இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்ததே ஜாஸ்காரர்கள். கென் கோலியர், கிறிஸ் பார்பர் குழுக்களில் ஊதுகிறவர்களின் உதடு இளைப்பாறும் இடைவேளையில், பாஞ்சோ என்ற தோல் முகத் தந்தி வாத்தியக்காரர் லானி டோனெகன் கிடாரோடு பாடியது ஸ்கிஃபிள், வீட்டுச் சாமான்களையும் வாத்தியமாக்கிய எளிய பாட்டு. 1954 ஜூலையில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் பதிவான அவருடைய 'ராக் ஐலண்ட் லைன்' 1956இல் விற்பனைப் பட்டியலேறியது. ஊரெல்லாம் பெட்டி தேடிக் கிளம்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இசைத்தட்டில் பெட்டியே இல்லை! டிராம்போன்காரர் பார்பர் நிஜ டபுள் பேஸையே வாசித்தார். தாளத்துக்குச் சலவைப் பலகையை உரசியது பெரில் பிரைடன். இதற்குப் பிறகும் ஜாஸ் ஆசாரக்காரர்கள் ஸ்கிஃபிளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். தங்கள் வீட்டு இடைவேளையில் பிறந்த பிள்ளை!

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் இன்னும் ஒருபடி மேலே. பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு, தோல் போர்த்திய வட்டத்தை மட்டும் ஸ்டாண்டில் வைத்து பிரஷ்ஷால் வாசித்துப் பழகியவர். அடுத்த வாரம் 'வெறும் தோல்' என்று கடிதம் போட்டுவிடாதீர்கள்.