நெல் வயல் மீத்தேனும் நம் சந்தேகமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

காலநிலை மாற்றம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நூற்றைம்பது வருஷம் நிலக்கரியை எரித்துப் பணக்காரர்களான நாடுகள் இன்று நம்மைப் பார்த்து அடுப்பை அணை என்கின்றன. நெல் வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுகூட பூமியைச் சூடாக்குகிறதாம். 2035-க்குள் இமயமலைப் பனி உருகிவிடும் என்று ஐ.நா. குழு எழுதியது தவறு என்று பிறகு தெரிந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எழுபதுகளில் பனியுகம் வரப்போகிறது என்றார்கள், இப்போது சூடு என்கிறார்கள். என் தாத்தா காலத்திலும் மன்னார்குடியில் கத்திரி வெயில் கொளுத்தத்தான் செய்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் ஒரு நிறுவனத்தார் வந்திருக்கிறார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால், குறைந்த வாயுவைக் கணக்கிட்டுக் கம்பெனிகளுக்கு விற்கும் கார்பன் கிரெடிட் என்று ஏக்கருக்குப் பணம் தருவார்களாம். கையெழுத்துப் போடலாமா என்று தம்பி கேட்கிறான். எல்லாமே வியாபாரம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ச.,
மன்னார்குடி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். ஆனால் மேலைநாடுகள் நமக்கு அநியாயம் செய்கின்றன என்பதிலிருந்து, பூமி சூடாவதே பொய் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறீர்கள். அந்தத் தாவல் யாருக்கு லாபம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நெல் வயலிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் சந்தேகத்துக்கு முப்பது வருஷத்துக்கும் மேலான, மரியாதைக்குரிய ஒரு முன்கதை இருக்கிறது. 1990-ல் வாஷிங்டனின் உலக வள நிறுவனம், பூமியைச் சூடாக்கும் நாடுகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரேசில், சீனா, அடுத்து ஐந்தாவதாக இந்தியா. டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நடத்திய அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவை, எந்த நாடு எவ்வளவு வெளியிடுகிறதோ அதே விகிதத்தில் அந்த நாட்டுக்கு வரவு வைத்திருந்தது அந்த வாஷிங்டன் நிறுவனம். அதாவது அதிகம் புகை விட்டவனுக்கு அதிகத் தள்ளுபடி. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் இந்தியாவின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று இருவரும் காட்டினார்கள். பிழைப்புக்கு நெல் நடுபவனின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்று வாதிட்டார்கள். சூழல் காலனியம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நீங்கள் இன்று கேட்பதைச் சுற்றுச்சூழல்வாதிகளே அன்று கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். நம் வயல்கள் வருஷத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்திருந்தது. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவை நம் நெல் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. நம் நிலத்தில் பெரும்பகுதி மானாவாரி, எல்லா நாளும் தண்ணீர் நிற்பதில்லை என்பது அந்தப் பெருக்கலில் இல்லை. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் விஞ்ஞானிகள் 1991-ல் நாட்டின் பல பகுதிகளுக்குப் போனார்கள். பயிர் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை எடுத்து அளந்தார்கள். வந்த விடை ஏறக்குறைய 40 லட்சம் டன், அமெரிக்கக் கணிப்பில் பத்தில் ஒரு பங்கு. பிறகு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கும் அதை ஒட்டியே இருந்தது.

மித்ராவின் விடை பூஜ்யம் இல்லை என்பதையும் பாருங்கள். தண்ணீர் நின்ற மண்ணில் காற்று போகாது. அங்கே வைக்கோலையும் வேரையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அது நெல்லின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடும். மேலைநாட்டான் சொன்னான் என்பதற்காக அது நின்றுவிடாது. மித்ரா குழுவினரும் உங்களைப் போலவே சந்தேகப்பட்டவர்கள்தான். வயலில் இறங்கி அளந்தார்கள், கிடைத்த எண்ணை, அது எதுவாக இருந்தாலும், சபையில் வைத்தார்கள். நம் தரப்பு வென்றது அதனால்தான்.

இமயமலை விஷயம். ஐபிசிசி என்ற ஐ.நா. குழுவின் 2007 அறிக்கையில் அந்த 2035 இருந்தது உண்மை. தேடிப்போனால் அதற்கு ஆதாரம் ஒரு தன்னார்வ அமைப்பின் வெளியீடு. அந்த வெளியீட்டுக்கு ஆதாரம் 1999-ல் பத்திரிகையில் வந்த ஒரு பேட்டி. நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 நவம்பரில், இமயப் பனியாறுகள் அப்படி உருகவில்லை என்ற நிலவியலாளர் வி.கே. ராய்னாவின் ஆய்வை வெளியிட்டபோது, குழுவின் தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று தூற்றினார். 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. பச்சௌரி அன்று பேசிய பேச்சுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அறிவியலைக் காப்பதாக நினைத்து ஆணவத்தோடு பேசியவர்கள் எதிர்த்தரப்பை வளர்த்துவிட்டார்கள். ஆனால் தவறின் மூலத்தைத் தோண்டி எடுத்தவர்கள் யார்? கனடாவின் கிரஹாம் காக்லி போன்ற பனியாற்று ஆய்வாளர்கள். பூமி சூடாகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. காத்மாண்டுவில் இருக்கும் மலைநாடுகளின் ஆய்வு மையம் 2023-ல் தந்த அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரை இந்து குஷ்–இமயப் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. ஆண்டு தவறு, உருகுவது நிஜம்.

எழுபதுகளின் பனியுகம் பெரும்பாலும் பத்திரிகைப் பேச்சு. 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

உங்கள் தாத்தா காலத்து வெயிலை நான் மறுக்கவில்லை. நம் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் தந்த மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் கூடியது சுமார் 0.7 டிகிரி. உலக சராசரியைவிட இது குறைவு. அப்படியென்றால் நமக்குப் பயமில்லை என்று தோன்றலாம். இந்தக் குறைவுக்கு ஒரு காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் தூசும் புகையும். தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன், 1999-ல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பரந்து கிடக்கும் பழுப்பு மூட்டத்தை அளந்த ஆய்வை முன்னின்று நடத்தினார். அந்த மூட்டம் வெயிலைத் தடுத்துத் தரையைக் கொஞ்சம் குளிர்வாக வைக்கிறது, நம் நுரையீரலையும் கெடுக்கிறது. புகையைச் சுத்தம் செய்தால் இதுவரை அது மறைத்துவைத்த சூடு வெளிப்படும். கடலோ மறைக்கவில்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015-க்குள் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துவந்தது. உப்புத்தண்ணீர் ஏறும் கடைமடை மக்களுக்கு இது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவை நம் அமைச்சகத்தின் எண்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்ல கேள்வி. சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒவ்வொரு ரூபாய்க்கும் பொதுவில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து. புலியைக் காக்கிறோம் என்று பழங்குடிகளைக் காட்டைவிட்டு வெளியேற்றுவதை ஆதரித்த சூழல்வாதிகளையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் கேள்வியை அந்தப் பக்கமும் கேளுங்கள். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்து மேலிடத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பலித்திருக்கின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஊருக்கு முன்னால் அந்த நிறுவனம் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததோ, இதில் ஒன்றும் உறுதியில்லை என்று. இன்று வாட்ஸப்பில் நமக்கு வரும் பல சந்தேகங்கள் அப்படிப் பணம் கொடுத்து வளர்க்கப்பட்டவை.

இனி உங்கள் கோபம் எங்கே போக வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். 1997-ல், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்தக் காலநிலை ஒப்பந்தத்திலும் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நிலக்கரியை மட்டும் குறிவைத்து வாசகம் எழுதினார்கள், மேலைநாடுகள் எரிக்கும் எண்ணெயும் எரிவாயுவும் அதில் இல்லை. அடுத்த வருஷம் எகிப்தில், எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்த்து எழுதுங்கள் என்று இந்தியா கேட்டது, நடக்கவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் கால்வாசி அளவு அமெரிக்காவுடையது, நம்முடையது 4 சதவீதத்துக்குள். 2026 ஜனவரியிலிருந்து நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும், அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான புகைக்காக ஐரோப்பா கார்பன் கட்டணம் விதிக்கிறது. இதெல்லாம் அநியாயம், கத்திச் சொல்ல வேண்டிய அநியாயம்.

ஆனால் பூமி சூடாகவே இல்லை என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டால், அவர்கள் நமக்குப் பட்ட கடன் என்று எதுவுமே இல்லாமல் போகிறது. நஷ்டமே இல்லாதவன் எந்த நஷ்டஈட்டைக் கேட்பான்? 2022-ல் எகிப்து மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி என்று ஏழை நாடுகள் போராடி ஒப்புக்கொள்ள வைத்தது, சூட்டுக்குக் காரணம் யார் என்று அறிவியல் சொன்னதை வைத்துத்தான். அந்த அறிவியலைப் பொய் என்று நாமே சொல்வது, பத்திரத்தைக் கிழித்துவிட்டு நிலத்துக்கு வழக்காடுவது மாதிரி.

சரி, தம்பியின் கையெழுத்துக்கு வருகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிட மாட்டார்கள். தண்ணீர் மிச்சமாகும், மீத்தேன் கணிசமாகக் குறையும், சரியாகச் செய்தால் விளைச்சல் விழாது. ஆனால் இது பம்புசெட் உள்ள குறுவை வயலுக்குத்தான் பொருந்தும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வந்து, வயல்விட்டு வயல் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் எப்படிக் காயவிடுவார்? வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் காயுமா? இல்லை, முறைப்பாசனத்தால் ஏற்கனவே காய்ந்துகொண்டிருந்த வயலைத் தாங்கள் காயவைத்ததாகக் கணக்கெழுதி விற்பார்களா? சீனாவில் இப்படி நெல் வயலைக் காட்டிப் பதிவான 37 திட்டங்களைத் தரமில்லை என்று கார்பன் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான வெர்ராவே 2024-ல் நிராகரித்தது. அந்த கிரெடிட்டை வாங்குகிற கம்பெனி அதைக் காட்டித் தன் புகையைத் தொடர்ந்து விடும் என்பதால், கணக்கு பொய்யானால் வானத்துக்கும் நஷ்டம்.

ஆகவே தம்பியை இதைக் கேட்கச் சொல்லுங்கள். அளப்பது யார், வயலில் பெட்டி வைத்தா அல்லது செயற்கைக்கோள் படத்தை வைத்தா? காயவிடும்போது உரத்திலிருந்து கூடும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடாக்கும் வாயுவைக் கழித்தார்களா? ஒரு டன் என்ன விலைக்குப் போகிறது, அதில் விவசாயிக்கு எவ்வளவு? எத்தனை வருஷத்துக்கு, நடுவில் விலகலாமா, ஒரு போகம் வெள்ளம் வந்து காயவைக்க முடியாமல் போனால் என்ன? இவற்றுக்குத் தமிழில், எழுத்தில் பதில் கொடுத்தால் பம்புசெட் வயலுக்கு மட்டும் ஒரு குறுவைக்குச் செய்து பார்க்கலாம். கொடுக்க மறுத்தால் கையெழுத்து வேண்டாம். கிடைத்தால் ஒப்பந்தத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள். விவரம் தெரிந்த வேளாண் அறிவியலாளர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்.