லினக்ஸில் ஓடும் மென்பொருளை விலைக்கு விற்க முடியாதா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகனுக்கு, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் தனியுரிம மென்பொருளை, அதாவது எழுதிய மூலநிரலை வெளியிடாத மென்பொருளை, தயாரித்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இலவச இயங்குதளத்தில் எதையும் விலைக்கு விற்க முடியாது, எழுதுகிற நிரலையெல்லாம் ஊருக்கே கொடுத்துவிட வேண்டும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்கு உறக்கம் இல்லை என்பதையும் படித்தேன். அந்த நிறுவனத்தின் நிதிநிலையை நீங்கள் தனியே விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் உறவினர் சொன்ன காரணத்துக்காக இந்த வேலையை மறுக்காதீர்கள், அது தவறான காரணம்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுகிறது. அந்த உரிமத்தில் உள்ள நிரலிலிருந்து உருவான படைப்பை விநியோகிப்பவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் வழக்கமான சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) வழியாகக் கெர்னலின் சேவையைப் பெறும் நிரல்கள் கெர்னலிலிருந்து உருவான படைப்புகளாகக் கருதப்படமாட்டா என்ற குறிப்பு அந்த உரிமத்துடனேயே இணைக்கப்பட்டுள்ளது. பொதுச் சாலையில் லாரி ஓட்டுகிறவர் அதற்காகத் தம் சரக்கை ஊருக்குப் பங்கிட வேண்டியதில்லை அல்லவா? ஆரக்கிள் தன் தரவுத்தளத்தை 1998இலேயே லினக்ஸுக்குக் கொண்டுவந்து விற்றது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரும் 2017இல் வந்துசேர்ந்தது. சிப் வடிவமைப்புக்கான கேடன்ஸ், சினாப்சிஸ் மென்பொருள்களும், திரைப்பட வரைகலைக்கான மாயா, ஹூடினி ஆகியவையும் லினக்ஸில் விலைக்கு விற்கப்படுகின்றன, மூலநிரலைத் திறக்காமலேயே.

'இலவசம்' என்ற சொல்லும் குழப்பத்தை வளர்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் 'free' என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த மயக்கம் இது. தமிழில் நமக்குக் 'கட்டற்ற' என்ற தனிச்சொல் இருக்கிறது, அதையே பயன்படுத்துவது நல்லது. ஜிபிஎல் உரிமம் விலை வாங்குவதைத் தடுப்பதே இல்லை. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தி நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். லினக்ஸுக்கான ஆதரவுச் சேவையைச் சந்தாவாக விற்று வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

உங்கள் மகன் உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து லைப்ரரிகளில், அதாவது நம் நிரலுடன் இணைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், இருக்கிறது. ஒரு மென்பொருள் எந்த இயங்குதளத்தின்மேல் ஓடுகிறது என்பதைவிட, அது எதனுடன் இணைக்கப்பட்டு வாடிக்கையாளரிடம் போய்ச் சேருகிறது என்பதே உரிமத்தைத் தீர்மானிக்கிறது. லினக்ஸ் நிரல்களுக்கு அடிப்படையான ஜிலிப்சி லைப்ரரி போன்றவை ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளவை என்பதால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தனியுரிம நிரல்கள் அவற்றுடன் இயங்கலாம். ரீட்லைன் என்னும் சிறிய லைப்ரரியோ முழு ஜிபிஎல்லில் இருப்பது. அதை இணைத்து விநியோகித்தால் மொத்த நிரலையும் ஜிபிஎல்லின்கீழ் கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும். திரை இடைமுகங்களை உருவாக்க உதவும் க்யூடி 2009 முதல் எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கிறது, ஆயினும் அதன் வரைபடப் பகுதியான க்யூடி சார்ட்ஸ் ஜிபிஎல்லில் அல்லது விலை கொடுத்துப் பெறும் உரிமத்தில் மட்டுமே கிடைப்பதை அவசரத்தில் பலர் பார்ப்பதில்லை. மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரைக் கொண்டு தொகுத்தாலே நிரல் ஜிபிஎல் ஆகிவிடும் என்ற அச்சமும் வீண். அதற்கெனத் தனி விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. கெர்னலுக்குள்ளேயே சேர்ந்து இயங்கும், மூலநிரல் திறக்கப்படாத கெர்னல் மாட்யூல்கள்தாம் இன்றும் சட்டத்தில் தெளிவில்லாத இடம், ஆகவே அந்த வேலை கொடுக்கப்பட்டால் அவர் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. உரிமங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தை அவர் கல்லூரியிலேயே தொடங்கட்டும். நம் பாடத்திட்டங்களில் இதற்கு இடம் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சேருவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் அவர் சில விவரங்களை மரியாதையாகக் கேட்டறியட்டும்: வாடிக்கையாளர்கள் யார், எந்தெந்த லினக்ஸ் வெளியீடுகளில் மென்பொருளைச் சோதித்துத் தருகிறார்கள், பயன்படுத்தும் லைப்ரரிகளின் உரிமங்களைப் பட்டியலிட்டுச் சரிபார்ப்பவர் யார். மேசைக்கணினிப் பயனர்களை மட்டும் நம்பியிருந்தால் சந்தை சிறியது. சர்வர், தொழிற்சாலை, வடிவமைப்புக்கூடம் ஆகியவற்றுக்கு விற்பவர்களானால் நிலைமை வேறு. கிடைக்கும் பதில்களை எனக்கு எழுதியனுப்புங்கள், பணிநியமனக் கடிதத்தையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.