‘செட் ஆகிவிடும்’ என்று விற்ற அலாய் வீல்: கேள்வி-பதில்

கேள்வி: என் கார் 5 போல்ட், பி.சி.டி. 114.3 மி.மீ. பழைய அலாய் வீல் செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது; அது 112. ஏர் கன் வைத்து அடித்ததும் நட்டெல்லாம் ஏறிவிட்டது. “ரெண்டு மில்லிமீட்டர் ஒரு வித்தியாசமா, செட் ஆகிடும்” என்கிறார் விற்றவர். ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். வண்டி நிற்கிற இடத்திலேயே பழைய வீலை மாட்டுங்கள்.

“செட் ஆகிடும்.” இந்த ஒரு வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களின் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. பி.சி.டி. என்பது போல்ட்டுகளின் நடுப்புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போகும் வட்டத்தின் விட்டம். 114.3 என்பது நாலரை அங்குலம். 112-க்கும் அதற்கும் விட்டத்தில் 2.3 மி.மீ. இடைவெளி, அதாவது ஒவ்வொரு ஸ்டட்டும் (வீலை மாட்டும் மரைக் கம்பி) தன் துளையின் நடுவை விட்டு 1.15 மி.மீ. தள்ளி நிற்கிறது. நட்டின் கூம்பு, துளையின் கூம்பில் சுற்றிலும் ஒரே மாதிரி படிந்தால்தான் இறுக்கம் நிலைக்கும். உங்கள் வண்டியில் அது ஒரு பக்கம்தான் தொடுகிறது. ஏர் கன் செய்தது ஸ்டட்டை வளைத்ததுதான். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த வளைந்த கம்பி அசைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நட்டு தளரும், இல்லையென்றால் ஸ்டட் முறியும்.

இது நான் பட்ட பாடு. முதல் காருக்கு ஒரு பழைய செட் வாங்கினேன். வண்டி 4×100 (4 போல்ட், பி.சி.டி. 100 மி.மீ.), வீல் 4×98. ஒரு மி.மீ.தான் விலகல், நாலு நட்டும் ஏறின. கொஞ்ச நாளில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் இரண்டு முறை பார்த்தும் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு துளையிலும் ஒரு பாதி பிறை மாதிரித் தேய்ந்து பளபளத்தது, மறுபாதியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. ஸ்டட்டெல்லாம் மாற்றினேன். அந்த வண்டியில்தான் என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. நீங்களும் ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 4 போல்ட் காரில் அடாப்டர் (காருக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் இணைப்புத் துண்டு) போட்டு 5 போல்ட் வீல் மாட்டலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: போல்ட் எண்ணிக்கை ஒன்றுதான், பி.சி.டி. மட்டும் வேறு. அதற்கு அடாப்டர் போடலாம் என்கிறார்களே?

பதில்: ஹப்பில் (வீல் மாட்டப்படும் நடுப் பாகம்) சரியாக உட்காரும் வளையமும், தனக்கென ஸ்டட்டும் உள்ள ஒரே துண்டு அடாப்டர் என்றால் பேசலாம். ஆனால் அதன் தடிமன் பெரும்பாலும் 20 மி.மீ.யாவது இருக்கும். ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) 45 மி.மீ. உள்ள வீல் 25 போல ஆகிவிடும். டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே வரும், பேரிங்கில் சுமை கூடும், ஸ்டியரிங் பாரம் மாறும். இறுக்கிச் சரிபார்க்க வேண்டிய நட்டும் இரண்டு மடங்கு. என்னைக் கேட்டால் வீலை மாற்றுவதுதான் நல்லது. அடாப்டர்தான் போடுவீர்கள் என்றால், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: டிசைன் பிடித்துப்போய் அளவு கேட்காமல் வாங்கிவிட்டேன். துளையை அடைத்து வேறு இடத்தில் போட்டுத் தருவதாக ஒரு லேத்காரர் சொல்கிறார்.

பதில்: தம்பி, வீலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் பி.சி.டி.யும் ஆஃப்செட்டும் பொறித்திருப்பதைக் கண்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. வெல்டிங் சூட்டில் அலாயின் பலம் குறையும், அதுவும் சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில். அளவைச் சொல்லியே விற்றுவிடுங்கள். வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: கார் மாடல், வருடம் எல்லாம் கொடுத்துத்தான் ஆர்டர் போட்டேன். 4×108 வந்திருக்கிறது, என் கார் 4×100. டயர் ஏற்றிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வண்டியைச் சொல்லித்தான் வாங்கினீர்கள். அந்த வண்டிக்குப் பொருந்தாததை அனுப்பியது அவர்கள். டயர் ஏற்றியதால் அவர்கள் தப்பு உங்கள் தப்பாகிவிடாது. எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பின்பக்க எழுத்தையும் எடுங்கள். மாடலைச் சொன்ன ஆர்டர் விவரத்தோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள், பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். அவர்கள் மறுத்தால் நுகர்வோர் புகாருக்கு அந்தக் காகிதம்தான் உங்கள் பலம். தொலைபேசிப் பேச்சை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். (5 துளை வீல் உள்ளவர்கள், அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுத் தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள். 114.3-க்கு அது 67.2 மி.மீ., 112-க்கு 65.8. கண்ணால் பார்த்துச் சொல்கிற வித்தியாசம் இல்லை இது.)

கேள்வி: பி.சி.டி. சரியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். 80 கி.மீ. தாண்டினால் அதிர்கிறது.

பதில்: நடு ஓட்டையைப் பாருங்கள். ஹப் 54.1 மி.மீ., வீலின் ஓட்டை 67.1 மி.மீ. என்றால் நடுவே பிடிமானம் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கும் சரியான அளவு சென்டரிங் ரிங் போடுங்கள்.

கேள்வி: ஸ்டீல் ரிம்மின் பழைய நட்டையே அலாய்க்கும் போடலாமா?

பதில்: நட்டின் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து, வீலின் துளையோடு ஒத்துப்போனால் போடலாம். மரையும் முக்கியம்: 12×1.25 (12 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. மரை இடைவெளி) ஸ்டட்டில் 12×1.5 நட்டை ஏற்றினால் மரை போய்விடும். முதலில் கையால் முழுதும் திருகுங்கள், கடைசியில் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்). 50, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.