மோதிரமா, லைட்சேபரா? நடுவர் கவனத்துக்கு

கேள்வி: எங்கள் ஹாஸ்டலில் ஆண்டுதோறும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். இந்த முறை தலைப்பு, ‘சிறந்த படவரிசை ஸ்டார் வார்ஸா, லார்ட் ஆஃப் த ரிங்ஸா?’ நடுவர் நான். ஒத்திகை பார்க்க உட்கார்ந்தோம், இருபது நிமிடத்தில் கூச்சலாகிவிட்டது. ஒருத்தி வசூல் கணக்கைச் சொல்ல, இன்னொருத்தி ஆஸ்கரைச் சொல்ல, மூன்றாமவள் ரிங்ஸின் முன்கதையான ‘ஹாபிட்’டை இழுத்து வந்தாள். பாதிப் பேர் இந்தப் படங்களை முழுசாகப் பார்த்ததே இல்லை. பட்டிமன்றத்துக்கு முன் ஒரு சனி, ஞாயிறு டிவி அறையும் புரொஜெக்டரும் கிடைக்கும். எப்படி நடத்தலாம்? உங்கள் தீர்ப்பு எந்தப் பக்கம்?
– இறுதியாண்டு மாணவி, திருச்சி

பதில்: கூச்சலுக்குக் காரணம் உங்கள் தோழிகள் இல்லை, தலைப்பு. ‘ஸ்டார் வார்ஸ்’ என்று ஒருத்தி சொல்லும்போது அவள் மனதில் ஓடுவது 1980-ல் வந்த படம். எதிரில் இருப்பவள் நினைத்துக்கொள்வது 1999-ல் வந்த படம். இரண்டு பேரும் சண்டை போடுவதே வெவ்வேறு படங்களைப் பற்றி. ஆகவே தலைப்பிலேயே ஆண்டைப் போட்டுவிடுங்கள். ஸ்டார் வார்ஸ் அணிக்கு 1977, 1980, 1983-ல் வந்த மூன்று படங்கள். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் பேசும் மோதிர அணிக்கு 2001, 2002, 2003-ல் வந்த மூன்று. ‘ஹாபிட்’ படங்கள், ஸ்டார் வார்ஸின் முன்கதைப் படங்கள், 2015-லும் அதற்குப் பிறகும் வந்தவை, வெப் சீரிஸ்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே. யாராவது உள்ளே இழுத்தால் மணி அடியுங்கள், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி.

அடுத்தது, எந்தப் பிரதி என்பது. இதைக் கவனிக்காமல்தான் பல விவாதங்கள் பாழாகின்றன. முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் மாஸ் ஐஸ்லி ஊர் மதுக்கடை மேஜையில் கடத்தல்காரன் ஹான் சோலோவும் அவனைப் பிடிக்க வந்த கிரீடோவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 பிரதியில் ஹான் மட்டும்தான் சுடுவான். 1997-ல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் திருத்தி வெளியிட்டதில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவான். 2004 டிவிடியில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுவார்கள். 2019-ல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது கிரீடோவின் வாயில் ‘மக்ளங்கி’ என்று புதிதாக ஒரு சொல்லும் ஏறிவிட்டது. காசுக்காக எதையும் செய்கிற ஆள் கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான் என்பதுதான் ஹானின் கதை. அவன் முதலில் சுட்டானா இல்லையா என்பது அந்தக் கதையின் தொடக்கப் புள்ளியையே நகர்த்திவிடும். இன்று சட்டப்படி எளிதாகக் கிடைப்பது திருத்திய பிரதிதான், அதையே போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் இந்த விவரத்தை அறையில் சொல்லிவிடுங்கள்.

மோதிரப் பக்கமும் இதே சிக்கல் உண்டு. மூன்றாம் படத்தின் திரையரங்குப் பிரதியில் வில்லன் மந்திரவாதி சாருமானின் முடிவு கிடையாது. நீட்டித்த பிரதியில்தான் அவன் சாகிறான். ‘வில்லன் என்ன ஆனான் என்றே சொல்லவில்லை’ என்று ஒரு பேச்சாளர் முழங்க, ‘நான் பார்த்தேனே’ என்று மற்றவர் கத்த, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். உங்களுக்குத் திரையரங்குப் பிரதியே போதும். நீட்டித்த மூன்றும் சேர்ந்தால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், ஒரு ஞாயிறு தாங்காது.

நேரக் கணக்கு இது. ஸ்டார் வார்ஸ் மூன்றும் சேர்ந்து ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சனிக்கிழமை 10 மணிக்குத் தொடங்கினால், சாப்பாட்டு இடைவேளையும் டீயும் போக மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும். மோதிரம் 178, 179, 201 நிமிடங்கள், மொத்தம் ஒன்பது மணி பதினெட்டு நிமிடம். ஞாயிறு காலை 9 மணிக்கே விளக்கை அணைத்துவிடுங்கள். 12 மணிக்குச் சாப்பாடு, 12.45-க்கு இரண்டாம் படம், 4.15-க்கு மூன்றாம் படம் என்று போனால் இரவு ஏழே முக்காலுக்குள் முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மசியாதீர்கள். அப்படித் தொடங்கிய இடங்களில் எல்லாம் இரண்டாம் மோதிரப் படமான ‘டூ டவர்ஸ்’ பாதியில் கூட்டம் தூங்கிவிட்டு, மறுநாள் பழியை அந்தப் படத்தில் மெதுவாகப் பேசும் மரமனிதர்கள் தலையில் போடும்.

டூ டவர்ஸின் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் இரவில், மழையில் நடக்கிறது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் புரொஜெக்டரில் சாம்பல் நிறச் சேறுதான் தெரியும். கறுப்புச் சார்ட் தாளை ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் பிடிக்கவில்லை என்று யாராவது ரிமோட்டில் ‘ஜூம்’ தட்டினால், இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்களின் பாதி முகம் போய்விடும். சப்டைட்டிலையும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். மோதிரத்தின் எல்ஃப் மொழி, ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜப்பா பேசும் மொழி இவற்றுக்கான வரிகள் சில பிரதிகளில் தனியாக இருக்கும். அதை ஆன் செய்ய மறந்தால் அந்தக் காட்சிகள் ஊமைப்படமாகிவிடும். புரொஜெக்டரில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரை நம்பவே வேண்டாம். ஸ்டார் வார்ஸில் பாதி வேலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டின் ஒலி. பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரமும் டிவிக் குழாயின் இரைச்சலும் சேர்ந்ததுதான் லைட்சேபர் என்ற ஒளிவாளின் சத்தம். டை ஃபைட்டர் என்ற எதிரி விமானம் கிழித்துக்கொண்டு போகும் சத்தத்துக்குள் ஒரு யானைப் பிளிறலும், ஈரச் சாலையில் ஓடும் கார் சத்தமும் இருக்கின்றன. அந்த அணி இதைப் பேசப்போகிறது என்றால் அறையில் அது கேட்டிருக்க வேண்டாமா?

இனி வசூல். இந்த வாதத்தை அனுமதித்தால் வகுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் மோதிரப் படமான ‘ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ உலகம் முழுக்க நூறு கோடி டாலரைத் தாண்டியது. டைட்டானிக்குக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டிய இரண்டாவது படம் அதுதான். அதைச் சொல்லிவிட்டு மோதிர அணி உட்கார்ந்துவிடும். இப்போது அமெரிக்கக் கணக்கை மட்டும் பாருங்கள். அந்தப் படம் அங்கே சுமார் 37.7 கோடி டாலர் வசூலித்தது; 2003-ல் சராசரி டிக்கெட் 6.03 டாலர், வகுத்தால் ஏறக்குறைய ஆறேகால் கோடி டிக்கெட். முதல் ஸ்டார் வார்ஸின் மொத்தம் சுமார் 46 கோடி. அதில் 13.8 கோடி 1997 மறுவெளியீட்டில் வந்தது, அன்றைய டிக்கெட் 4.59 டாலர். மிச்சம் 32 கோடியை 1977-ன் 2.23 டாலரால் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் பதினேழு கோடி டிக்கெட்டுக்கு மேல் வரும். இடைப்பட்ட ஆண்டுகளின் மறுவெளியீடுகளில் டிக்கெட் விலை கொஞ்சம் கூடியிருந்ததால் இது தோராயம்தான், ஆனாலும் பக்கத்தில்கூட நிற்க முடியாத வித்தியாசம். உடனே மோதிர அணி எழுந்து, 1977-ல் வீட்டில் வீடியோவும் இல்லை, டிவிடியும் இல்லை, மறுபடி பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குத்தானே போகணும் என்று கேட்கும். கேட்கட்டும், நியாயமான கேள்வி. வசூல் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று அவையே பார்த்துக்கொள்ளும்.

ஆஸ்கருக்கு அணிக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மோதிரம் மொத்தம் 17. அதில் மூன்றாம் படத்துக்குப் பதினொன்று, பரிந்துரைத்த பதினொன்றும் கிடைத்தன. 1977 படத்துக்கு ஆறு, கூடவே பென் பர்ட்டுக்குச் சிறப்பு விருது. ஒரு துணுக்கு: ஸ்டார் வார்ஸில் குரு ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ், மோதிரத்தில் மந்திரவாதி காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் இருவருமே துணை நடிகர் பரிந்துரை வரை போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள். தாடி வைத்த குருமார்களுக்கு ஆஸ்கரில் ராசியில்லை போலும்.

பட்டிமன்றத்தின் நிஜமான சரக்கு காட்சிகளில்தான் இருக்கிறது. ‘பிரம்மாண்டம்’, ‘உணர்ச்சி’, ‘வேற லெவல்’ போன்ற சொற்களைத் தடை செய்துவிட்டு, காட்சிக்குக் காட்சி மோத விடுங்கள். நான்கு ஜோடி போதும். ஜோடிக்குப் பன்னிரண்டு நிமிடம், அணிக்கு ஆறு. பேசுபவர் காட்சியில் கண்ணால் பார்த்ததையும் அதை எடுத்த விதத்தையும் மட்டுமே பேச வேண்டும்.

முதல் ஜோடி, அளவை ஏமாற்றும் வித்தை. 1977 படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓட, திரையை அடைத்துக்கொண்டு ராட்சதக் கப்பல் துரத்தி வருகிறது. உண்மையில் அந்த ராட்சதனின் மாடல் மூன்று அடிதான்; ஓடுகிற ‘சின்ன’ கப்பலின் மாடல் அதைவிடப் பெரியது, ஆறு அடி. தந்திரக் காட்சிகளைக் கவனித்த ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு, கணினி சொன்ன பாதையில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய கேமராவைச் செய்தது. மாடல் நின்றது, கேமராதான் அதன் அடிவயிற்றைத் தடவியபடி போனது. இருபத்துநான்கு ஆண்டு கழித்து நியூசிலாந்தில், குட்டையான ஹாபிட் இனத்து நாயகன் ஃப்ரோடோவும் காண்டால்ஃபும் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் வருவதைப் பாருங்கள். ஃப்ரோடோவின் இருக்கை பின்னால் தள்ளியிருக்கிறது, அதனால் குள்ளமாகத் தெரிகிறான். கேமரா அசையாதவரை இது பழைய தந்திரம். பேக் எண்ட் என்ற ஹாபிட் வீட்டு மேஜைக் காட்சியில் கேமராவும் நகரும். தந்திரம் உடையாமல் இருக்க, செட்டின் ஒரு பகுதியும் கேமராவோடு சேர்ந்து நகர்ந்தது. மேஜையே இரண்டு துண்டு. ஒரு அணி பெரியதைச் சிறிதாக்கியது, மற்ற அணி சிறியதைப் பெரிதாக்கியது. எது கடினம் என்று சண்டை போடட்டும்.

இரண்டாவது ஜோடி, ஸ்டார் வார்ஸின் குட்டிக் குரு யோடாவும், மோதிரத்துக்கு அடிமையான கோலமும் (Gollum). ஒன்று ஃபிராங்க் ஆஸின் கையில் இருந்த பொம்மை, மற்றது ஆண்டி செர்கிஸின் உடலசைவிலிருந்து கணினியில் வளர்ந்த உருவம். மூன்றாவது, ஹெல்ம்ஸ் டீப் போரும் ஹோத் கிரகத்துப் பனிப்போரும். பனியில் நடக்கிற அந்த இயந்திர யானைகள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தவை என்பதை ஸ்டார் வார்ஸ் அணி மறந்துவிடக் கூடாது.

நான்காவது, குருவின் மரணம். இதற்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். காண்டால்ஃப் பாலத்திலிருந்து விழுந்த பிறகு, மோரியா சுரங்கத்துக்கு வெளியே வெயிலில், போர்ச் சத்தம் முழுக்க அடங்கி, உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு பாறையில் விழுந்து அழுகிறார்கள். எழுந்திருங்கள், இருட்டினால் எதிரிப் படையான ஓர்க்குகள் வந்துவிடும் என்கிறான் கூட வந்த வீரன் அரகார்ன். கொஞ்சம் அழ விடு என்று இன்னொரு வீரன் போரமீர் தடுக்கிறான். பின்னால் நம் வெறுப்புக்கு ஆளாகப்போகிற போரமீர்தான் அதைச் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். ஸ்டார் வார்ஸில் ஓபி-வான் இறந்ததும் அவருடைய சீடன் லூக் கப்பலில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். இளவரசி லேயா வந்து போர்வை போர்த்துகிறாள். சற்று நேரத்தில் எதிரி விமானங்கள் வந்துவிடுகின்றன. சற்றுமுன் தன் கிரகமே வெடித்துச் சிதறியதைப் பார்த்தவள் அந்த லேயா. கிழவரை இழந்த பையனுக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள், அவளுக்கு ஆறுதல் சொல்ல அந்தப் படத்தில் ஆளே இல்லை. படத்தின் வேகம்தான் அதன் பலம், இந்த இடத்தில் அதுவே ஓட்டையும்கூட.

ஓட்டை என்றதும், ‘மோதிரத்தை அழிக்கக் கழுகுமேல் ஏறியே போயிருக்கலாமே’, ‘இவ்வளவு பெரிய டெத் ஸ்டார் ஆயுத நிலையத்தை அழிக்க ஒரு இரண்டு மீட்டர் துளையா’ என்ற இரண்டும் வந்தே தீரும். ஒன்றுக்கு ஒன்று சரி என்று அடித்துவிட்டு நகருங்கள். 2016-ல் வேறொரு படம் வந்து அந்தத் துளைக்குக் காரணம் சொல்லிவிட்டதே என்று யாராவது சொன்னால், அது நம் மூன்றுக்குள் இல்லை. மணி.

எங்கள் தீர்ப்பைக் கேட்டிருக்கிறீர்கள். ‘இரண்டும் இரு கண்கள்’ என்று முடிக்கிற நடுவர்களை நமக்குத் தெரியும், அந்த வேலையை நீங்களும் செய்யாதீர்கள். தனிப்படமாகக் கேட்டால் ஆறில் சிறந்தது 1980-ன் ‘எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’. வரிசையாகக் கேட்டால் எங்கள் ஓட்டு மோதிரத்துக்கு. 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை மூன்று படங்களையும் ஒரே மூச்சில், பீட்டர் ஜாக்சன் என்ற ஒரே இயக்குநரின் கீழ் எடுத்தார்கள். முதல் படத்தில் போட்ட விதை மூன்றாம் படத்தில் காய்க்கிறது. கோலத்தைக் கொல்லாமல் விட்ட இரக்கம்தான் கடைசியில் மோதிரத்தை அழிக்கிறது. அந்தப் பக்கம் மூன்று படத்துக்கு மூன்று இயக்குநர்கள், கதையும் போகப் போகத்தான் உருவானது. 1980-ல் லூக்குக்கு முத்தம் கொடுக்கும் லேயா 1983-ல் அவன் உடன்பிறந்தவளாகிவிடுகிறாள். மூன்றாம் படத்தில் அழிக்க வேறொன்றும் கிடைக்காமல் மறுபடி ஒரு டெத் ஸ்டார் கட்டுகிறார்கள். சினிமா எடுக்கும் முறையையே எது மாற்றியது என்று தலைப்பு வைத்திருந்தால் எங்கள் ஓட்டு மறுபக்கம் விழுந்திருக்கும். உங்கள் தலைப்பு அதுவல்ல.

கடைசியாக ஒன்று. ஞாயிறு இரவு ஸ்விட்ச் பக்கத்தில் உட்காருபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மோதிரம் அழிந்த பிறகு திரை இருண்டு, படம் முடிந்தது போலத் தோன்றி, மறுபடி வெளிச்சமாகும். ஒரு தடவை அல்ல, பல தடவை. முதல் இருட்டிலேயே லைட்டைப் போட்டால் பாதிக் கூட்டம் மெஸ்ஸுக்குக் கிளம்பிவிடும். ஃப்ரோடோவின் தோழன் சாம் வீட்டுக்குள் போய் அந்த வட்டக் கதவு சாத்தும்வரை ஸ்விட்சில் கை வைக்க வேண்டாம்.